புதிதாக நட்ட மரம் வாடுகிறதா? மருந்து தெளிக்குமுன் அடியைத் தோண்டிப் பாருங்கள்

தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்களுடைய இளைஞர் மன்றம் கடந்த ஜூன் மாதம், புது வீட்டுத் திட்டத்திலிருந்து மாரியம்மன் கோவிலுக்கு ஏறும் பாதை நெடுக 26 மரக்கன்றுகளை நட்டது. ஜகரண்டா, செண்பகம், போத்தல் பிரஷ், செம்மயிற்கொன்றை என நான்கு வகை. எட்டு மாதத்தில் இரண்டு செத்துவிட்டன. பாதிக்கு மேல் இலை மஞ்சளாகிவிட்டது. சில நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. கடையில் ஒரு பங்கசு நாசினியும் இலையில் தெளிக்கும் உரமும் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு கலந்து தெளிக்க வேண்டும் என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: "மேல் வளைவில் உள்ள நான்கு கன்றுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன, கம்பு ஊன்றிக் கட்டினால் போதுமா?"

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. ஒரு கன்று சாய்ந்தால் காற்று, தளர்ந்த மண், வளைந்த வேர் என்று காரணம் தேடலாம். அடுத்தடுத்து நிற்கும் நான்கும் பள்ளத்தை நோக்கியே சாய்ந்திருந்தால், நகர்வது மரமா நிலமா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்றே மேல் வளைவுக்குப் போய், கன்றுகளுக்கு மேட்டுப் பக்கமாக ஐம்பது அடி வரை நடந்து பாருங்கள். பிறை வடிவில் தரை வெடித்திருக்கிறதா? முன்பு ஈரம் இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா, அந்த நீர் கலங்கலாக இருக்கிறதா? வேலிக்கம்பு, மின்கம்பம், கோவில் படிக்கட்டு இவற்றில் ஏதாவது கன்றுகளுடன் சேர்ந்து சாய்ந்திருக்கிறதா, சுவரில் புது விரிசல் உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கம்பு ஊன்றும் வேலையை விட்டுவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம் மண்சரிவு அபாயத்தைப் பார்வையிடும். கீழே வீடுகள் இருந்தால் கனமழை இரவுகளில் அங்கே யாரும் தூங்க வேண்டாம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. நிலம் முன்கூட்டிச் சொல்வதை யாராவது கேட்க வேண்டும்.

அந்த அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், கன்றின் அடியைப் பாருங்கள். தண்டைச் சுற்றி உரலுக்குள் உலக்கை ஆடியது போல் வட்டமாகக் குழி விழுந்திருந்தால் அது காற்றின் வேலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி மருந்துக்கு வருவோம். இரண்டு போத்தலையும் திறக்காதீர்கள். நான் தோட்டங்களில் நாற்றுமேடையும் புதுநடுகையும் பார்த்தே வயதானவன். நட்டு இரண்டு வருடத்துக்குள் வாடிய மரங்களில் இலையில் மருந்து தெளித்து நான் பிழைக்க வைத்தவை மிகச் சில. தோண்டிப் பார்த்துப் பிழைத்தவை ஏராளம். புதுக்கன்றின் நோய் பெரும்பாலும் மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருக்கிறது. அது இலையில் தெரிவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். நாம் இலையைப் பார்த்து இலைக்கு வைத்தியம் செய்கிறோம்.

நோய் என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு தாளில் பாதையை வரைந்து 26 புள்ளிகள் வையுங்கள். எந்தக் கன்று எந்த வகை, எது நலம், எது மஞ்சள், எது நுனி காய்கிறது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியுங்கள். பங்கசும் பூச்சியும் இனம் பார்த்துத்தான் பெரும்பாலும் பிடிக்கும். செண்பகத்தைத் தின்னும் புழு பக்கத்துப் போத்தல் பிரஷைத் திரும்பியும் பார்க்காது. ஓரிடத்தில் தொடங்கி மெல்லப் பரவுவதும் அவற்றின் குணம். உங்கள் பாதையில் ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கு வகை மரங்களும் ஒரே காலத்தில் சோர்ந்திருக்கின்றன. நான்குக்கும் பொதுவாக இருப்பது மண், தண்ணீர், காற்று, நட்ட கை. சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். கடைக்காரர் மீது குறை சொல்லவில்லை. நீங்கள் கொண்டுபோன இலையை வைத்து அவரால் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஜகரண்டாவை மட்டும் கணக்கிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். பெப்ரவரி, மார்ச் வறட்சியில் அதன் இலை மஞ்சளாகி உதிர்வது இயல்பு. பண்டாரவளைப் பக்கம் பூக்குமுன் பெரிய மரங்களே மொட்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிர் இருக்கிறதா என்று அறிய நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் கொம்பு உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. நுனியில் தொடங்கி ஒரு சாணுக்கு ஒரு முறை கீழே சுரண்டிக்கொண்டு வாருங்கள், பச்சை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். செத்துவிட்டதாக நீங்கள் எழுதிய இரண்டையும் இப்படிப் பார்த்த பிறகே பிடுங்குங்கள். மேலே காய்ந்து அடியில் பச்சை இருக்கும் கன்று ஏப்ரல் மழையில் துளிர்த்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இப்போது முக்கியமான வேலை. மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலும் ஒரு சிறு குச்சியாலும் தண்டின் அடி மண்ணை மெல்ல விலக்குங்கள். மரத்தின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் யானையின் பாதம் போல் அகன்று வேர்களாகப் பிரியும். அந்த வேர்க்கழுத்து மண்ணுக்கு மேலே கண்ணில் பட வேண்டும். நட்ட கம்பு போலத் தண்டு நேராக மண்ணுக்குள் இறங்கினால் கன்று ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். ஓயாத ஈரத்தில் கிடப்பதற்குத் தண்டின் பட்டை அமைந்ததல்ல, அது ஊறி அழுகும். வேருக்கும் காற்று வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு. இலை சிறுத்து, மஞ்சளித்து, நுனி காய்ந்து, இரண்டாவது வருடத்தில் காரணமே தெரியாமல் சாகும் மரங்களில் பாதிக்கு மேல் இப்படிப் புதைக்கப்பட்டவைதான் என்பது என் அனுபவம்.

நாம் ஆழமாக நடாவிட்டாலும் நம் மலை அதைச் செய்துவிடும். சரிவில் வெட்டிய குழியின் மேட்டுப் பக்க மண் ஒவ்வொரு மழைக்கும் வழிந்து வந்து தண்டில் சேர்கிறது. பள்ளப் பக்க மண் அரித்துப் போய் வேர் வெளியே தெரிகிறது. ஜூனில் நட்டிருக்கிறீர்கள். செப்டெம்பர் வரை நீளும் தென்மேல் பருவமழையின் பெரும்பகுதியை அந்தத் தளர்ந்த மண் வாங்கியிருக்கிறது. அதோடு, குழியின் அடியில் போட்ட சாணமும் குப்பையும் மக்கும்போது கன்றும் நாலு விரல் கீழே இறங்கும். ஆகவே நட்ட அன்று சரியாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு இதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

நாலு விரல் அளவே புதைந்திருந்தால் மண்ணை விலக்கிக் கழுத்தை வெளியே விட்டு, மேட்டுப் பக்கம் ஒரு சிறு கல்வரிசையோ புல்வரிசையோ வைத்து, மண் மீண்டும் வராமல் தடுத்தால் போதும். ஒரு சாண் புதைந்திருந்தால் மழை தொடங்கியதும் கன்றை மண்ணோடு தூக்கி உயர்த்தி நட வேண்டும். வறட்சியில் தூக்கக் கூடாது.

கழுத்தைத் தோண்டும்போதே வேறொன்றையும் பார்த்துவிடுவீர்கள். தண்டை ஒரு கையால் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். மண்ணும் சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்திருக்கிறது. தண்டு மட்டும் தனியாக ஆடினால் வேர் வெளியே போகவே இல்லை. பக்கத்தில் தோண்டுங்கள். பொலித்தீன் பை அப்படியே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பல பேர் சேர்ந்து நடும் நாளில், படம் எடுக்கும் அவசரத்தில், அடியை மட்டும் கிழித்துவிட்டுப் பையோடு இறக்குவது நடக்கிறது. பை இல்லாவிட்டாலும் வேர் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடக்கலாம். நாற்றுமேடையில் பைக்குள் அதிக காலம் கிடந்த கன்றின் வேர் சுவரைத் தொட்டதும் திரும்பி, வட்டமாக ஓடிப் பழகிவிடும். நட்ட பிறகும் அது வட்டத்தை விடாது. தண்டு பருக்கப் பருக்க அந்த வட்டமே கழுத்தை நெரிக்கும். தேயிலை நாற்றுமேடையில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும், ஆணிவேர் மடங்கிய கன்றை அங்கே தள்ளிவிடுவார்கள். அலங்கார மரத்துக்கு அந்தக் கண்டிப்பை நாம் காட்டுவதில்லை. பார்ப்பதற்கு உயரமாக, இலை நிறைய இருக்கும் கன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். பைக்குள் மிகப் பழைய கன்றே பெரும்பாலும் அது.

சுருள் மெல்லியதாக இருந்தால் மழைக்காலத்தில் தூக்கி, வேர்க்கட்டியின் வெளிப்பக்கத்தில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கவ்வாத்துக் கத்தியால் கீறி, சுற்றிய வேர்களை வெட்டி விரித்து நடலாம். விரல் தடிமனில் வேர் கழுத்தைச் சுற்றியிருந்தால் அந்தக் கன்றை விட்டுவிடுங்கள். அது பத்து வருடம் நின்று, பாதையில் ஆள் போகும்போது காற்றில் விழும் மரம்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் நான் ஒரு பாடசாலைத் தோட்டத்தையே இழந்தேன். ஹட்டன் பக்கத்தில் செண்பகக் கன்றுகள் நாற்பது. இறுகிய களிமண்ணில் அலவாங்கால் அழகாக, சுவர் வழுவழுப்பாகக் குழி வெட்டி, நல்ல மண் நிரப்பி, ஜூலையில் நட்டோம். இரண்டே மாதத்தில் இலை தொங்கிவிட்டது. வாடுகிறதே என்று பிள்ளைகளிடம் சொல்லித் தண்ணீர் ஊற்றச் செய்தேன். இன்னும் வாடியது. இன்னும் ஊற்றினோம். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, கூமுட்டை நாற்றம் அடித்தது. அந்தக் குழிகள் அனைத்தும் அடியில் துளையில்லாத பூந்தொட்டிகளாக இருந்தன. பிள்ளைகள் தினமும் வாளி சுமந்த முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

தாகத்தில் வாடும் கன்றும் மூழ்கி வாடும் கன்றும் மேலே ஒரே மாதிரித்தான் தெரியும். வேர் இல்லாவிட்டால் தண்ணீர் நடுவே நின்றும் தாகம்தான். வேறுபாடு விரலுக்குத்தான் தெரியும். வேர்க்கட்டிக்குள்ளேயே, அதாவது பை இருந்த இடத்துக்குள்ளேயே, ஒரு விரல் ஆழம் குத்திப் பாருங்கள். சுற்றியுள்ள மண்ணைத் தொட்டு ஏமாறாதீர்கள். நாற்றுமேடைக் கலவையில் தும்புத் தூள் அதிகமாக இருந்தால், ஒருமுறை முற்றாகக் காய்ந்த பிறகு அது தண்ணீரை உள்ளே விடாது. நாம் ஊற்றுவது பக்கவாட்டில் வழிந்து, சுற்றுமண் சேறாகவும் நடுக்கட்டி உமிபோல் உலர்ந்தும் இருக்கும். அப்படியானால் ஒரே தடவையில் ஊற்றாமல் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தடவை ஊற்றி ஊறவையுங்கள். அடியில் சிறு துளையிட்ட பெரிய போத்தலைத் தண்டருகே வைத்தாலும் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

மாறாக மண் பிசுபிசுத்து நாற்றம் இருந்தால், கன்றுக்குப் பக்கத்தில் ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் வடிகால் இல்லை. சமவெளிக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி, நமக்குச் சரிவு துணை. நடுகுழியின் அடிமட்டத்திலிருந்து பள்ளப் பக்கமாக ஒரு குறுகிய கான் வெட்டி வெளியே விட்டால் குழி தானாக வடியும். தேயிலை மலையில் கான் வெட்டிய பெரியவர் ஒருவரை அழையுங்கள், அரை நாளில் எல்லாவற்றுக்கும் சாய்வு பார்த்துக் கொடுப்பார்.

இங்கே உங்கள் வரைபடம் உதவும். போத்தல் பிரஷ் ஈர நிலத்தைத் தாங்கும். செண்பகம் தாங்காது, அதன் சதைப்பற்றான வேர் சீக்கிரம் அழுகும். ஒரே வளைவில் போத்தல் பிரஷ் தெளிவாகவும் செண்பகம் மஞ்சளாகவும் நின்றால் அந்த வளைவில் நீர் தேங்குகிறது என்று தோண்டாமலே சொல்லலாம். இரண்டும் சேர்ந்து வாடினால் வறட்சியை நினையுங்கள்.

செம்மயிற்கொன்றை பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அது வெயில் காயும் தாழ்நாட்டு மரம். நீங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றரும் அதற்கு மேலும். அங்கே அது உயிரோடு இருந்தாலும் சிவப்புக் குடை விரிக்கும் என்று நம்பாதீர்கள். குளிரில் முதலில் கருகுவதும் அதுதான். நுவரெலியா, நானுஓயாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஆகவே ஓடைக்கரையிலும் கீழ் வளைவிலும் நிற்கும் கன்றுகளின் இளந்துளிர் ஒரே இரவில் கறுத்து, மேல் வளைவில் நிற்பவை நலமாக இருந்தால் அது உறைபனிதான். கறுத்த நுனியை உடனே வெட்டாதீர்கள். மார்ச் போகட்டும். அதற்குமுன் வெட்டினால் புதுத்துளிர் வந்து அடுத்த குளிரில் மறுபடி கருகும்.

காற்று இலையில் வேறு கையெழுத்துப் போடும். காற்று வரும் பக்கத்து இலைகளில் மட்டும் ஓரம் கிழிந்து பழுப்பாகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும். உங்கள் பக்கத்தில் தென்மேல் பருவத்தில் இது நடக்கும். ஊவாவில், வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம், அதே மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசும். அங்கே ஜூனில் நட்டால் கன்று காய்ந்துவிடும், ஒக்டோபர், நவம்பர் மழைக்கு நடுவதே வழக்கம். காற்றில் ஆடும் கன்றுக்குக் கம்பு கட்டலாம். தண்டோடு ஒட்டி இறுக்க வேண்டாம். வேர்க்கட்டிக்கு வெளியே இரண்டு கம்புகள் ஊன்றி, பழைய சைக்கிள் டியூப்பால் எட்டு வடிவில் தளர்வாக, தண்டின் பாதி உயரத்துக்கு மேல் போகாமல் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆடினால்தான் பருக்கும். ஒரு வருடத்தில் அவிழ்த்துவிட வேண்டும். கம்பியாலும் நைலோன் கயிற்றாலும் கட்டி மறந்துபோன மரங்களை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். கயிறு பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே தண்டு வீங்கி, ஒருநாள் அங்கேயே முறிந்துவிடும்.

புல் வெட்டும் இயந்திரம் பட்ட காயத்தையும் பார்த்துவிடுங்கள். தண்டடியில் பட்டை முழுச் சுற்றாக உரிந்திருந்தால் அந்த மரத்துக்கு மீட்சி இல்லை. பாதிச் சுற்றுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள், தானாக ஆறும். தாரும் சாயமும் பூசாதீர்கள். சாய்ந்த பல் தடத்தோடு அடிப்பட்டை கடிபட்டிருந்தால் முள்ளம்பன்றி. மேலே நுனிகள் ஒடிந்து காணாமல் போயிருந்தால் ஆடு.

புது வீட்டுத் திட்டம் என்றதும் எனக்கு இன்னொரு சந்தேகம் வருகிறது. 7 பேர்ச் காணியைச் சரிவில் வெட்டித் தட்டையாக்கும்போது மேல்மண் கீழே போய், செங்கல் போன்ற அடிமண்ணே பாதையோரத்தில் மிஞ்சும். அதிலேயே சீமெந்துக் கலவையும் குழைத்திருப்பார்கள். நம் தேயிலை மண் புளிப்பானது, தேயிலைக்கு அதுவே வேண்டும். சீமெந்தும் சுண்ணாம்பும் கலந்த இடத்தில் அந்தப் புளிப்பு முறிந்து, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். அப்போது புது இலைகள்தான் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டதுபோல் நிற்கும். ஒரு பிடி மண்ணில் வினாகிரி சில துளி விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டுத் தேயிலை மலையின் மண் கொண்டுவந்து நிரப்புங்கள். மஞ்சளைக் கண்டதும் டொலமைட் என்கிற சுண்ணாம்புத் தூளைப் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். இந்த இடத்தில் அது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போலாகும்.

கீழே உள்ள முதிர்ந்த இலைகள் மட்டும் மஞ்சளாகி மேலே பச்சையாக இருந்தால் நைதரசன் குறைவாக இருக்கலாம், புதுக்கன்றில் அதுவும் வேர் பிடிக்காததன் விளைவாகவே பெரும்பாலும் இருக்கும். இலை ஓரம் சுற்றிலும் காய்ந்திருந்தால், குழிக்குள் யாராவது யூரியாவோ தேயிலைக்குப் போடும் உரமோ அள்ளிப் போட்டார்களா என்று விசாரியுங்கள். நட்ட குழியில் இரசாயன உரம் போடக் கூடாது, இளவேர் வெந்துவிடும். நல்லெண்ணத்தோடு போட்டிருப்பார்கள், கோபப்படாமல் கேளுங்கள்.

பாதையின் ஒரு பக்கம் தேயிலை மலை இருந்தால் களைநாசினியையும் நினைவில் வையுங்கள். 2015இல் கிளைபொசேற் என்கிற களைநாசினி தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதைத் தெளிக்கும்போது சாரல் காற்றில் வந்தால் தேயிலையை ஒட்டிய வரிசையில் உள்ள கன்றுகள் மட்டும், எந்த வகையானாலும், பாதிக்கப்படும். புதுத்துளிர் ஊசிபோல் குறுகிக் கொத்தாக வந்தால் அது கிளைபொசேற்றின் அடையாளம். கன்றின் இளம் பச்சைப் பட்டை வழியாகவும் அது உள்ளே போகும். கங்காணியிடம் எந்தக் கிழமை எந்த மலையில் தெளித்தார்கள் என்று கேட்டால் வரைபடத்தோடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். மாற்று மருந்து கிடையாது. சிறிதளவு பட்டிருந்தால் அடுத்த துளிர் சீராகும்.

இத்தனையும் பார்த்துக் காரணம் கிடைக்காத கன்று ஒன்றிரண்டு மிஞ்சினால் அப்போதுதான் உண்மையான நோயைத் தேட வேண்டும். உங்கள் பாதை முன்பு தேயிலை நின்ற நிலம்தானே? பழைய தேயிலையின் வேரோ, வெட்டிய நிழல் மரத்தின் கட்டையோ மண்ணுக்குள் கிடந்தால் அதில் வேரழுகல் பங்கசுகள் பல வருடம் உயிரோடு இருக்கும். புதுக்கன்றின் வேர் அதைத் தொட்டதும் ஏறிவிடும். மேட்டுநிலத் தேயிலையில் பொரியா என்கிற செவ்வேர் நோய் பெயர்போனது. வேரைப் பிடுங்கிக் கழுவினால் மண் துகள்களைப் பிடித்துக்கொண்டு சிவந்த இழைகள் ஒட்டியிருக்கும். இன்னொன்று கரிவேர் நோய். கிரவீலியா போன்ற நிழல் மரங்களின் கட்டையிலிருந்து வரும். வேரின் மேல் கரிக்கட்டைபோல் கறுத்த பொருக்கும், பட்டையை உரித்தால் விசிறி விசிறியாக வெள்ளைப் பூஞ்சணமும் தெரியும். அதனால்தான் அக்காலத்தில் நிழல் மரத்தை வெட்டுமுன் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வேரில் சேர்ந்த மாச்சத்துத் தீர்ந்த பிறகு வெட்டினால் இந்தப் பங்கசுக்கு உணவில்லை. இன்று இயந்திர வாள் வந்த பிறகு அந்தப் பொறுமை போய்விட்டது, கட்டைகள் நோயோடு மண்ணில் மிஞ்சுகின்றன.

இந்த நோயில் மரம் திடீரென்று சாகும், காய்ந்த இலை உதிராமல் கொம்பிலேயே தொங்கும். செத்த இரண்டும் அப்படித்தான் நிற்கின்றனவா, பக்கம் பக்கமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஆம் என்றால் வேரோடு தோண்டி, பென்சில் தடிமனுக்கு மேற்பட்ட வேர் எல்லாவற்றையும், பழைய கட்டை உட்பட, எடுத்து எரித்துவிடுங்கள். அந்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த குழிக்குப் போகாதீர்கள். அந்த இடத்தில் உடனே மரம் நடக் கூடாது. தேயிலை மறுநடுகைக்கு முன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ 18 முதல் 24 மாதம் வளர்த்து மண்ணைத் தேற்றுவது நம் மலையில் நடைமுறை. நீங்களும் அதைச் செய்யுங்கள், வெட்டும் புல் மற்றக் கன்றுகளுக்கு மூடாக்காகும். வேரைப் பார்த்தும் எது என்று தெளியாவிட்டால், ஈரமான தாளில் சுற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோங்கள். தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும் உங்கள் தலவாக்கலையிலேயே சென் கூம்ஸில்தான் இருக்கிறது.

கறையான் மண் அப்பியிருந்தால் பதறாதீர்கள். அது பெரும்பாலும் செத்த பகுதியைத் தேடி வருவது. முதலில் சாகடித்தது எது என்று கேளுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது குறைவு. கழுத்தைத் திறந்துவிடுங்கள். விரலால் பார்த்து, உலர்ந்திருந்தால் கன்றுக்குப் பத்து லீற்றர் வீதம் வாரம் இரண்டு முறை, மெல்ல. பள்ளப் பக்கம் பிறை வடிவில் வரம்பு கட்டினால் தண்ணீர் வழியாது. மழைக்காலத்தில் அதே வரம்பை ஓரிடத்தில் வெட்டித் திறந்துவிட வேண்டும். மானாப்புல்லை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். உரம் வேண்டாம், செத்த கொம்பைத் தவிர எதையும் வெட்டவும் வேண்டாம். இலைதான் வேரை வளர்க்கும் அடுப்பு, மஞ்சளானாலும் இருக்கும்வரை அது சமைத்துக்கொண்டிருக்கிறது. பெருவிரல் தடிமனுள்ள கன்றுக்கு நம் குளிரில் வேர் பிடிக்க ஒரு முழு வருடமாவது ஆகும். எட்டு மாதத்தில் புது இலை சிறிதாக வந்தால் அது தேறிக்கொண்டிருக்கும் கன்றாகவும் இருக்கலாம்.

தூக்கி நட வேண்டியவற்றுக்கு இப்போதே ஒரு துணித்துண்டு கட்டி அடையாளம் வைத்து, ஜூன் மழை மண்ணில் ஒரு அடி இறங்கிய பிறகு செய்யுங்கள். செம்மயிற்கொன்றைக்குப் பதிலாகப் போத்தல் பிரஷ் வையுங்கள். குழியை வேர்க்கட்டியைப் போல மூன்று மடங்கு அகலமாக, ஆழத்தில் அதற்குச் சமமாக மட்டும் வெட்டி, சுவரை அலவாங்கால் கொத்திக் கரடாக்கிவிடுங்கள். புதுக்கன்று வாங்கப் போகும்போது உயரத்தைப் பார்க்காமல், ஒன்றையாவது பையைக் கழற்றி வேரைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.